மாத்தர்: ஊட்டுவதா, கொல்வதா?

"மம்மா மாத்தர் பார்னெத்" என்று ஒரு ஸ்வீடிஷ் வாக்கியம். அம்மா குழந்தைக்கு ஊட்டுகிறாள் என்று பொருள். பால பாடத்தில் வரக்கூடிய சாதுவான வாக்கியம். இதை எழுத்தில், ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நடுச்சொல்லில் அவர் கண் நின்றுவிடும். எம், ஏ, டி, ஏ, ஆர் என்று ஐந்து ரோமன் எழுத்துகளால் ஆன அந்தச் சொல்லை அவர் "மத்தார்" என்று படிப்பார். அவர் மொழியில் அதற்குக் கொல்லுதல் என்று பொருள். காளைச் சண்டையில் காளையைக் கொல்பவருக்கு மத்தாதோர் என்று பெயர் வந்தது இந்த வினையிலிருந்துதான். (ஒரு காலத்தில் நம் ஊரில் ஓடிய மேட்டடோர் வேனின் பெயரும் அதுவே. 'கொல்பவன்' என்று பெயர் எழுதிய வண்டியில் ஏறிக் கல்யாணங்களுக்குப் போய் வந்திருக்கிறோம்.)

பார்வைக்கு ஒன்றாக இருந்து பொருளில் காலை வாரும் இந்த மாதிரிச் சொற்களை மொழி கற்பிப்பவர்கள் 'போலி நண்பர்கள்' என்பார்கள். ஆங்கிலம் படிக்கும் பிரெஞ்சுக்காரர்களை எச்சரிப்பதற்காக மாக்சிம் கெஸ்லர், ழூல் தெரொக்கிஞி என்ற இருவர் 1928-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. ஸ்பானிஷ்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் அதை அப்படியே தங்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். ஸ்வீடிஷில் 'வஞ்சக ஒற்றுமைகள்' என்று இன்னொரு பெயரும் உண்டு. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. நண்பன் என்று அந்தச் சொற்கள் ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லையே. முகச்சாயலைப் பார்த்து மயங்கியது நாம்தான்.

மலையாளியிடம் 'வெள்ளம்' கேட்டால் குடிக்கத் தண்ணீர் வரும் என்று அறிந்தவர்களுக்கு இது புது அனுபவம் இல்லை. ஆனால் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே சொல் இரண்டு பக்கம் ஒதுங்கிப் போனதில் வியப்பில்லை. ஸ்பானிஷ் லத்தீனின் மகள். ஸ்வீடிஷ் ஜெர்மானியக் கிளையில் வந்தது. இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம்தான் என்றாலும், பங்கு பிரித்துக்கொண்டு போய்ப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. மாட்ரிடுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் நடுவே நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 2,600 கிலோமீட்டர். இவ்வளவு தள்ளியிருக்கும் இரண்டு மொழிகளில் ஒரே எழுத்துக்கூட்டு எப்படி வந்தது? இதற்கு ஒரே பதில் கிடையாது. சில சொற்கள் வெறும் விபத்து. சில, ஒரே இடத்தில் கடன் வாங்கி வேறு வேறு வழியில் செலவழித்த கதை.

'ஏ'வில் முடியும் விபத்துகள்

முதலில் விபத்தைப் பார்ப்போம். ஸ்வீடிஷ் மாத்தர் என்பது 'மாத்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. உணவு என்று பொருள். ஆங்கிலத்தில் இறைச்சியைக் குறிக்கும் மீட் இதன் உடன்பிறப்பு. அந்தச் சொல்லும் ஒரு காலத்தில் பொதுவாக உணவைத்தான் குறித்தது. ஸ்பானிஷ் மத்தார் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. லத்தீன் வழி என்பது ஒரு கட்சி. 'இறந்தான்' என்று பொருள்படும் அரபிச் சொல் வழி என்பது எதிர்க்கட்சி. எந்தக் கட்சி வென்றாலும் ஸ்வீடனின் சோற்றுக்கும் ஸ்பெயினின் கொலைக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இந்த மாதிரி விபத்து ஒன்றிரண்டு அல்ல, வரிசையாக நடக்கிறது. ஸ்பானிஷில் 'சோப்பா' என்றால் சூப். அதே நான்கு எழுத்து ஸ்வீடிஷில் துடைப்பத்தால் கூட்டுவது. ஸ்பானிஷ் 'ரோப்பா' துணிமணி. ஸ்வீடிஷில் அது கூப்பாடு போடுவது. 'தாலா' ஸ்பெயினில் மரம் வெட்டுதல், ஸ்வீடனில் பேசுதல். 'லாத்தா' அங்கே தகர டப்பா, இங்கே சோம்பேறித்தனமான. எனக்கு மிகவும் பிடித்தது 'காத்தா'. ஸ்பானிஷில் பெண்பூனை, ஸ்வீடிஷில் தெரு. ஸ்டாக்ஹோமின் பெரிய கடைவீதி ஒன்றுக்கு துரொத்னிங்காத்தான் என்று பெயர். ராணி வீதி என்று அர்த்தம். ஸ்பெயினிலிருந்து வந்தவர் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், மூலைக்கு மூலை ஒரு பூனை உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

இந்தச் சொற்களின் கடைசி ரோமன் எழுத்தைக் கவனியுங்கள். எல்லாம் 'ஏ'. காரணம் இங்கேதான் இருக்கிறது. செய், பேசு என்று நாம் அகராதியில் போடுவதுபோல ஸ்வீடன்காரர்கள் போடும் வினைவடிவம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, 'ஏ' எழுத்தில்தான் முடியும். ஸ்பானிஷிலோ பெண்பால் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் அதே 'ஏ'வில் முடியும். அடுத்து 'ஏ-ஆர்' என்ற முடிவு. ஸ்பானிஷ் வினைகளில் மிகப் பெரிய குழு அகராதியில் இந்த முடிவோடுதான் நிற்கிறது. ஸ்வீடிஷிலோ அது ஒரு பெரிய வினைக்குழுவின் நிகழ்கால விகுதி. ஒரு பெரிய பெயர்ச்சொல் குழுவின் பன்மை விகுதியும்கூட. ஆக, 'அர்மார்' என்று எழுதினால் ஸ்பானிஷில் ஆயுதம் தரித்தல், ஸ்வீடிஷில் கைகள். 'அந்தார்' ஸ்பானிஷில் நடப்பது, ஸ்வீடிஷில் ஆவிகள். இரண்டு ஊர்ப் பேருந்துகளும் ஒரே நிலையத்தில் வந்து நின்றால் ஆள் மாறாட்டம் நடக்கத்தானே செய்யும்?

இதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. ஸ்வீடனுக்குப் பக்கத்து வீடு நார்வே. மொழியும் நெருங்கிய சொந்தம். ஆனால் அங்கே பெரும்பாலோர் எழுதும் பூக்மோல் வடிவத்தில் அந்தக் கடைசி 'ஏ' தேய்ந்து 'ஈ' ஆகிவிட்டது. ஸ்வீடிஷில் ஊட்டு, கத்து, பேசு, தெரு என்று பொருள்படும் அதே நான்கு சொற்களும் நார்வேயில் 'ஈ' எழுத்தில் முடிகின்றன. ஸ்பானிஷோடு இருந்த குழப்பம் அத்தோடு தீர்ந்தது. ஆனால் புதிய குழப்பம் ஆங்கிலத்தோடு! அந்த நான்கையும் ஆங்கிலக் கண்ணால் படித்தால் மேட், ரோப், டேல், கேட்: தோழன், கயிறு, கதை, வாசல். ஒரு எழுத்து மாறியதும் போலி நண்பர்கள் கூண்டோடு கட்சி மாறிவிட்டார்கள்.

சின்னச் சொற்களில் விபத்து இன்னும் எளிது. இரண்டு மூன்று எழுத்துகளை வைத்துக்கொண்டு எத்தனை சொல்தான் கட்ட முடியும்? ஸ்வீடிஷில் 'வீ சேர்' என்றால் நாங்கள் பார்க்கிறோம். இதில் 'வீ' நாங்கள், 'சேர்' பார்க்கிறோம். இதே இரண்டு சொல்லும் எழுத்து மாறாமல் ஸ்பானிஷில் உண்டு. அங்கே முதல் சொல்லுக்கு 'பார்த்தேன்' என்று பொருள், இரண்டாவதற்கு 'இருத்தல்'. பார்க்கும் வேலையை ஒரு மொழி இரண்டாம் சொல்லுக்குக் கொடுத்திருக்கிறது, இன்னொன்று முதல் சொல்லுக்கு.

இதுவரை நான் 'எழுத்து' என்றே சொல்லி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்வீடிஷ் 'வீ' ஸ்பானிஷ் வாயில் 'பி' என்றுதான் ஒலிக்கும். அங்கே வி-யும் பி-யும் ஒரே ஒலி. 'டி, ஈ' என்ற இரண்டெழுத்து ஸ்பானிஷில் 'தே', அதாவது 'உடைய'. ஸ்வீடிஷில் அதை எழுதிவிட்டு 'டொம்' என்று படிப்பார்கள்; 'அவர்கள்' என்று பொருள். எழுத்தில் இரட்டையர், காதுக்கு அந்நியர். ஒலிப்பதை எழுதிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆயிரம் அடிவைத்தால் பத்து கிலோமீட்டர்

விபத்தல்லாத சொற்கள்தான் இன்னும் சுவையானவை. 'மில்' என்று மூன்றெழுத்து. ஸ்பானிஷில் ஆயிரம். ஸ்வீடிஷில் அது ஒரு தூர அளவு: பத்து கிலோமீட்டர். ஆயிரத்துக்கும் பத்து கிலோமீட்டருக்கும் என்ன உறவு?

இரண்டுக்கும் தாய் லத்தீன் 'மில்லே', ஆயிரம். ரோமானியப் படைகள் தூரத்தைக் காலடிக் கணக்கில் அளந்தன. இடது கால் ஊன்றி மறுபடி இடது கால் ஊன்றும்வரை ஒரு கணக்கு. அப்படி ஆயிரம் கணக்கு ஒரு ரோமானிய மைல், ஏறக்குறைய 1.48 கிலோமீட்டர். ஸ்பானிஷ் அந்த ஆயிரத்தை ஆயிரமாகவே வைத்துக்கொண்டது. வடக்கே போன சொல் எண்ணை உதறிவிட்டுத் தூரத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயரின் மைல் அப்படிப் போன ஒன்று. ஸ்வீடனின் மில் இன்னொன்று. அங்கே அது நீண்டுகொண்டே போய், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டு நின்றது. 1649-இல் அரசு தலையிட்டு ஒரே அளவாக்கியது. இன்றைய கணக்கில் சுமார் 10,688 மீட்டர். மெட்ரிக் முறைக்கு 1878-இல் சட்டம் போட்டு 1889 முதல் கட்டாயமாக்கியபோது, பழைய மில்லை ஒழிப்பதற்குப் பதிலாக இழுத்துப் பிடித்துச் சரியாக 10 கிலோமீட்டர் என்று வெட்டிக்கொண்டார்கள். ஆயிரம் என்ற பொருள் எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை.

இன்றும் அது உயிரோடிருக்கும் அளவு. பழைய கார் விற்கிறவர், வண்டி 12,000 மில் ஓடியிருக்கிறது என்பார். 1,20,000 கிலோமீட்டர் என்று புரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் கணக்கும் மில்லுக்கு இத்தனை லிட்டர் என்றுதான். 1922 முதல் சேலன் என்ற ஊரிலிருந்து மூரா வரை நடக்கும் வாசாலொப்பெத் பனிச்சறுக்குப் பந்தயத்தை 'ஒன்பது மில்' என்பார்கள், அதாவது 90 கிலோமீட்டர். இதை ஆங்கில மைல் என்று எடுத்துக்கொண்டு காலணி மாட்டுகிறவர் நிலை பரிதாபம். பதினான்கு கிலோமீட்டரில் முடிந்துவிடும் என்று நினைத்துக் கிளம்புவார்.

'ஃபீன்' என்று ஒன்று உண்டு. பழைய ஸ்பானிஷ் படங்களின் கடைசியில் திரையில் வரும். முடிவு என்று பொருள். ஸ்வீடிஷில் அதே சொல்லுக்கு அழகான, நேர்த்தியான என்று பொருள். இங்கும் தாய் ஒன்றே, லத்தீன் 'ஃபீனிஸ்'. எல்லை, முடிவு என்பது அதன் பொருள். எல்லையைத் தொட்டது உச்சத்தைத் தொட்டது. உச்சத்தைத் தொட்டது நேர்த்தியானது. இந்தக் கடைசிப் பொருள் பிரெஞ்சில் விளைந்து, ஜெர்மானிய மொழிகள் வழியாக வடக்கே ஏறியது. நம் அகராதியிலும் 'அந்தம்' என்பதற்கு முடிவு என்றும் அழகு என்றும் இரண்டு பொருள் இருப்பதைப் பார்த்து இங்கேயும் அதே கதைதான் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் நம்முடைய அந்தங்கள் அகராதியில் தனித்தனிப் பதிவுகள். முடிவு என்ற அந்தம் சம்ஸ்கிருதம். அழகு என்ற அந்தம் தெலுங்கோடு சேர்ந்தது. ஒற்றுமை வஞ்சகமானது என்று சொல்லிக்கொண்டே அதில் விழப் பார்த்தேன்.

'ராரா' இன்னும் மென்மையானது. ஸ்வீடிஷில் ஒரு பாட்டியைப் பார்த்து இந்தச் சொல்லால் குறிப்பிட்டால், எவ்வளவு அன்பான மனுஷி என்று பொருள். ஸ்பானிஷில் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால், ஒரு மாதிரியான ஆள், விசித்திரப் பிறவி என்று அர்த்தம். லத்தீனில் அரிதானது என்றுதான் இருந்தது. அரிதானதை ஒரு ஊர் பொக்கிஷமாகப் பார்த்தது, இன்னொரு ஊர் விநோதமாகப் பார்த்தது. மணத்தைக் குறித்த 'நாற்றம்' கெட்ட வாடையானதைப் பார்த்துவிட்ட நமக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

'செமெஸ்தெர்' பற்றி ஒரு வரி: நாம் கல்லூரியில் அல்லாடுகிற அதே செமஸ்டர்தான், லத்தீனில் ஆறு மாதம், ஸ்பானிஷிலும் ஏறத்தாழ அதே வடிவத்தில் ஆறு மாதமே. ஸ்வீடிஷில் மட்டும் அது சம்பளத்தோடு கிடைக்கும் விடுமுறை. பிரெஞ்சுப் படையில் ஆறு மாத விடுப்புக்கு வழங்கிய பெயர் வழியாக வந்த பொருள் இது. இப்போது அங்கே சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 25 நாள்.

உப்பும் கூடமும்

'சால்' என்ற சொல்லில் கதை குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. ஸ்பானிஷில் உப்பு. ஸ்வீடிஷில் பெரிய கூடம். சாப்பாட்டுக் கூடத்துக்கு 'மாத்சால்' என்று பெயர். கொலையும் உப்பும் சேர்ந்த பதார்த்தம் என்று ஸ்பானிஷ் கண் படிக்கும். உப்சாலா நகரத்தின் பெயரில் இருப்பதும் இந்தக் கூடம்தான்; மேலைக் கூடங்கள் என்று பொருள்.

ஸ்வீடிஷில் உப்புக்கு என்ன சொல்? 'சால்த்'. அது ஸ்பானிஷ் உப்புக்கு உடன்பிறப்பு. ஸ்பானிஷில் கூடத்துக்கு என்ன சொல்? 'சாலா'. அது ஸ்வீடிஷ் கூடத்தின் உடன்பிறப்பு. ஜெர்மானிய மொழியிலிருந்து கிளம்பி ஸ்பானிஷுக்குள் வந்தது. ஆக, முகச்சாயல் ஒன்றாக இருக்கிற இருவரும் அந்நியர். ஒவ்வொருவரின் சொந்தக்காரரும் எதிர்வீட்டில் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். நம் பாடசாலையின் 'சாலை'யையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கத் தோன்றும். கூடாது. சம்ஸ்கிருத சாலா, ஆங்கிலத்தின் 'ஹால்' வழி உறவு.

ஜெர்மானியச் சொல் ஸ்பெயினுக்குள் எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து 711 வரை அங்கே ஆண்டவர்கள் விசிகோத்கள், ஜெர்மானியக் குடியினர். துணிமணி என்று பார்த்தோமே, அந்த ரோப்பாவும் கொள்ளைப்பொருள் என்ற கோத்தியச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஸ்பானிஷ் அகராதிக்காரர்களின் ஊகம். போரில் முதலில் உருவுவது உடையைத்தானே. இந்தக் கோத்களை வைத்து 1434-இல் பாசல் திருச்சபைப் பேரவையில் ஒரு சண்டையே நடந்தது. யாருக்கு முன்வரிசை இருக்கை என்ற பிரச்சினை. ஸ்வீடன் சார்பில் வந்த வெக்ஷோ ஆயர் நிக்கலாவுஸ் ராக்வால்தி, உலகையே கலக்கிய கோத்கள் எங்கள் ஊர்க்காரர்கள், ஆகவே எங்கள் அரசருக்கே முதலிடம் என்று வாதாடினார். ஸ்பெயின் தரப்பு விடவில்லை: வீரர்களாக இருந்த கோத்கள் புறப்பட்டு எங்கள் நாட்டுக்கு வந்துவிட்டார்கள், துணிவில்லாதவர்கள்தான் உங்கள் ஊரில் தங்கிவிட்டார்கள் என்றது. ஸ்வீடன் அரசர்கள் 'கோத்களின் மன்னர்' என்ற பட்டத்தை 1973 வரை விடாமல் வைத்திருந்தார்கள்.

ஒன்றாக இருந்தால் சந்தேகப்படு

புதிதாகப் படிக்கிறவருக்கு ஒரு கைவிளக்கு இருக்கிறது. ஜெர்மானிய மொழிகள் தாய்மொழியிலிருந்து பிரிந்தபோது அவற்றின் மெய்யொலிகள் வரிசையாக இடம் மாறின. 1822-இல் இதை ஒழுங்காக எழுதி வைத்தவர் யாக்கோப் கிரிம். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகள் தொகுத்தாரே, அவரேதான். லத்தீன் வழியில் 'ப' இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் 'ஃப' வரும். 'த' என்ற மெல்லிய ஒலி வல்லொலியாகும். 'க' இருந்தால் 'ஹ'. ஸ்பானிஷ் பாத்ரே, ஸ்வீடிஷ் ஃபாதர்: அப்பா. பியே, ஃபூத்: பாதம். தியெந்தே, தாந்த்: பல். குவெர்னோ, ஹூர்ன்: கொம்பு. இவைதான் உண்மையான இரத்த உறவுகள். எதுவாவது ஒன்றுபோல் இருக்கிறதா?

எனவே இந்த இரண்டு மொழிகளில் ஒரு பழஞ்சொல் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் முதலில் வரவேண்டியது சந்தேகம். ஒன்று, கடன் வாங்கிய சொல்லாக இருக்கும், மில் போல. இல்லை, விபத்தாக இருக்கும், காத்தா போல. தப்பிப் பிழைத்த பரம்பரைச் சொற்கள் கொஞ்சம்தான். 'சோல்' அப்படி ஒன்று. இரண்டு மொழியிலும் அதே எழுத்து, அதே பொருள்: சூரியன். ச, ல என்ற ஒலிகள் அந்த இடமாற்றத்தில் அசையாமல் நின்றதால் அது பிழைத்தது. நம் சூரியனின் சம்ஸ்கிருத மூலமும் அதே வேர்.

இந்தக் கைவிளக்கை வைத்துக் கடைசியாக ஒரு சொல். எச், ஓ, ஆர், ஏ. ஸ்பானிஷில் 'ஓரா' என்று படிப்பார்கள், முதல் எழுத்து ஊமை. மணி, நேரம் என்று பொருள். ஸ்வீடிஷில் 'ஹூரா' என்று படிக்கும் அந்தச் சொல், விலைமகளைக் குறிக்கும் வசைச்சொல். உறவு உண்டா? ஜெர்மானிய 'ஹ'வுக்கு எதிரே லத்தீன் வழியில் 'க' இருக்க வேண்டும் அல்லவா? தேடினால் கிடைக்கிறது: 'காரோ', ஸ்பானிஷில் அன்புக்குரிய என்று பொருள், விலை கூடிய என்றும் பொருள். வசைச்சொல்லின் சொந்தக்காரர் அவர்தான். பிரியமானவள் என்று தொடங்கிய சொல் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஸ்பானிஷ் ஓராவின் பிறந்த வீடு கிரேக்கம். அங்கே அது காலம், பருவம். லத்தீன் வழியாக மேற்கே போன அதே சொல், கிரேக்கச் சோதிடத்தோடு கிழக்கேயும் வந்தது. சம்ஸ்கிருதத்தில் ஹோரா. பகலும் இரவும் என்று பொருள்படும் 'அஹோராத்ரம்' என்பதன் தலையும் வாலும் உதிர்ந்து நடுவில் மிஞ்சியதே ஹோரா என்று பழைய சோதிட நூல்களில் ஒரு விளக்கம் உண்டு. முகச்சாயலில் ஏமாறுவது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தமிழில் அது ஓரை. சுக்கிர ஓரை, குரு ஓரை என்று பஞ்சாங்கத்தில் பார்க்கிறோமே, அதுதான். சங்கப் பாடல்களில் வரும் ஓரை வேறு. பெண்கள் கூடி ஆடும் விளையாட்டு.

ஸ்வீடன் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் அயல்மொழி ஸ்பானிஷ். மணி என்ன என்று கேட்கக் கற்றுத்தரும் பாடம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். ஆசிரியர் வாயால் சொல்லும்வரை ஆபத்தில்லை, 'ஓரா' யார் காதிலும் 'ஹூரா' ஆகாது. கரும்பலகையில் எழுதியதும்தான் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும்.